அரியலூர்ச் சிப்பிகளின் சாட்சியம்

வெள்ளிமலையின் பாறையை எவ்வளவு உடைத்தாலும் ஒரு சிப்பியும் அகப்படாது. கல்வராயன் மலைத்தொடர் 200 கோடி வருஷங்களுக்கும் முற்பட்ட பழம்பாறையாலானது. ஆனால் அங்கிருந்து தென்கிழக்கே அரியலூர்ச் சீமைக்குச் சென்றால் ஓடைக்கரைகளிலும் சுரங்கங்களிலும் கடற்சிப்பிகள் கிடைக்கின்றன. ஏறக்குறைய 11 கோடி வருஷங்களுக்கு முன் அந்நிலத்தில் சமுத்திரம் புகுந்தது. அதன் சரித்திரம் காரையின் களிமண்ணிலும் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லிலும் பதிந்திருக்கிறது. அக்கடலில் செழித்த அம்மோனைட் என்னும் சுருளோட்டு இனம், பின்னர் உலகெங்கணும் அற்றுப்போயிற்று.

இத்தகைய பேரழிவுகளில் கடல்நீரின் ரசாயன மாறுதலுக்குப் பெரும் பங்குண்டு. 25.2 கோடி வருஷங்களுக்கு முன் சைபீரிய எரிமலைகள் கரியமிலவாயுவை அளவின்றிக் கக்கின. கடல் சூடேறிப் பிராணவாயுவை இழந்தது. வாயு நீரில் கரைந்து அதன் காரத்தைக் குறைத்தது. ஓடு கட்டும் பிராணிகள் தவித்தன. கடலினங்களில் 100-க்கு 80-க்கு மேல் மாண்டன. காஷ்மீரத்தின் குர்யுல் பள்ளத்தாக்குப் பாறைகள் இதற்குச் சாட்சி. அம்மோனைட்டுகள் மறைந்த 6.6 கோடி வருஷங்களுக்கு முன்னரும், மெக்ஸிகோவில் விண்கல் வீழ்ந்ததை அடுத்துக் கடலின் காரம் திடீரெனக் குறைந்ததென 2019-ல் விஞ்ஞானிகள் காட்டினர்.

இதைப் பழங்கதையென்று தள்ளிவிடலாகாது. மனிதர் வெளிவிடும் கரியமிலவாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் விழுங்குகிறது. யந்திரத் தொழில் பெருகுமுன் 8.2 ஆக இருந்த அதன் கார அளவு இன்று 8.1. எண்ணளவில் இது அற்பம். ஆயினும் அமிலத்தன்மை 100-க்கு ஏறக்குறைய 30 கூடியதென்பதே இதன் பொருள்.

இனி அரியலூரைப் பார்ப்போம். அங்கே பண்டைச் சிப்பிகள் தம்முள் பூட்டிவைத்த கரியை நாம் சிமெண்டுச் சூளையில் திறந்துவிடுகிறோம். 100 டன் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 டன் கரியமிலவாயு வெளிப்படும். எரிக்கும் நிலக்கரியின் புகை வேறு.

ஏழைக்கு வீடும் ஊருக்குப் பாலமும் வேண்டும். சிமெண்டு வேண்டாமென்று நாம் கூறவில்லை. இந்தப் பழியில் பெரும்பங்கு நெடுங்காலமாகப் புகை கக்கிச் செல்வம் சேர்த்த மேல்நாடுகளுடையது என்பதையும் மறவோம். அவர்கள் தங்கள் கடனைத் தீர்த்தே ஆகவேண்டும். ஆனால் எந்நாட்டுக் கொடி பறக்கும் ஆலையின் புகையென்று பார்த்துக் கடல் கெடுவதில்லை. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளும், அவற்றை நம்பிப் பிழைக்கும் மீனவரும் நம்முடையவர்களே.

ஆதலின் சர்க்கார் சுண்ணாம்புச் சுரங்கத்திற்குக் குத்தகை அளிக்குமுன், சிறந்த படிவ அடுக்குகளைத் தீராத சொத்தாக ஒதுக்கிவைக்க வேண்டும். ஆலை முதலாளிகள் சூளைப்புகையைக் குறைக்கும் முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். கல்வராயன் மலைப் பள்ளிப் பிள்ளைகளும் அரியலூர்ப் பாறைகளைக் கண்டு பாடம் கற்க வேண்டும். கல்லில் எழுதிய எச்சரிக்கையை வாசியாமலே பொடியாக்கும் ஜனசமூகத்தை வருங்காலம் மன்னிக்காது.