கை உயர்த்துமுன்



சென்ற மாதம் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தங்கை எழுந்து கேட்டாள். யுத்தத்தில் கணவனை இழந்து, கருவாடு விற்று மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள் அவள். “நம்மட தொழிலுக்கு என்ன வேணும் எண்டு தீர்மானிக்கிறது ஆரு அக்கா?”

எனக்குப் பழைய கதையொன்று ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன்னர் மேலிடத்துத் திட்டமொன்றில் எங்களுக்கு மரக்கறிக் கன்றுகள் தந்தார்கள். எங்கள் வாவியோரக் கிணறுகளில் உவர் நீர். எங்களுக்குத் தேவையாயிருந்தது வலையும் கருவாடு காயவைக்க இடமும். கன்றுகள் பத்து நாளில் கருகிப்போயின. ஆனால் அன்று விசாரிக்காமல் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி.

மாகாணத்துக்கும் இப்படி நடந்ததுண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் விவசாயம், கிராம அபிவிருத்தி போன்றவற்றை மாகாண சபைகளிடம் கொடுத்தது. 2012இல் ‘வாழ்வின் எழுச்சி’ (திவிநெகும) சட்டமூலம் வந்தது. வறுமையை ஒழிக்கவே என்றார்கள். ஆனால் சமுர்த்தி அதிகாரசபையையும் வேறு அதிகாரசபைகளையும் ஒரே திணைக்களமாக்கி, கொழும்பிலிருந்த பொருளாதார அபிவிருத்தி அமைச்சின் கீழ் கொண்டுவருவதே அதன் ஏற்பாடு. சமுர்த்தி வங்கிகளில் இருந்ததோ நம்மைப் போன்ற பெண்களின் சிறு சேமிப்பு.

மாகாண சபைகளிடம் கேட்காமல் இதைச் செய்ய முடியாது என்றது உயர் நீதிமன்றம். வடக்கில் அப்போது தெரிவான சபை இல்லை. அதற்குப் பதிலாக ஆளுநர் தந்த சம்மதம் செல்லாது என்றும் கூறியது. அந்த நீதிமன்றத்தின் தலைவியாக இருந்தவர் நாட்டின் முதலாவது பெண் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க. சட்டம் நிறைவேறிய 2013 ஜனவரியிலேயே அவர் பதவி நீக்கப்பட்டார்.

நம் கிழக்கில் சபை இருந்தது. கேள்வி கேட்கும் உரிமையும் இருந்தது. அது சம்மதம் என்று கை உயர்த்தியது. 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமும் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றியே பல வருடங்கள் கழிந்தன. கை உயர்த்தக்கூட அங்கே ஆளில்லை.

தங்கைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தீர்மானிக்கும் உரிமையைப் பிறர் பறிப்பதுமுண்டு, நாமே வாசிக்காமல் கொடுத்துவிடுவதுமுண்டு. இரண்டாவதையாவது நாம் நிறுத்தலாம்.

அடுத்த முறை திட்டமொன்று வந்தால் மூன்று விடயங்களைக் கேளுங்கள். பணம் யாருடையது? தீர்மானித்தது யார்? நமக்குப் பொருந்தாவிட்டால் மாற்றும் அதிகாரம் யாரிடம் உண்டு? பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதன் பிறகு கையை உயர்த்துங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.