கூடு விட்டுக் கூடு பாயும் எஞ்சின்கள்

மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருமுனைக்குக் காலையில் வந்து நிற்கும் பள்ளிப் பேருந்தின் ஓசையை வைத்தே நான் கல்லூரிக்குப் புறப்படும் நேரத்தைக் கணக்கிட்டு வந்தேன். இருபது ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டி. கோடை விடுமுறை முடிந்து வந்தபோது அதன் குரல் மாறியிருந்தது. “பழைய எஞ்சினை இறக்கிட்டு வேற ஏத்தியாச்சு சார். இனிமே புகையே வராது” என்றார் ஓட்டுநர், பெருமையோடு. உள்ளே எட்டிப் பார்த்தேன். பின்வரிசை இருக்கையடியில் தரைப்பலகை உளுத்துப்போய், அதன்மேல் ஒரு தகரத்துண்டு அறையப்பட்டிருந்தது.

திருமூலர் கதை நினைவுக்கு வந்தது. மேய்ப்பனை இழந்து கதறிய பசுக்களின் துயர் தீர்க்க, யோகியார் இடையன் மூலனின் உடலில் புகுந்தார். ஆனால் அவர் புகுந்தது அப்போதுதான் உயிர் நீங்கிய உடல். உளுத்த உடல் அன்று.

எஞ்சினை மாற்றுவது இழிவான செயல் என்று நான் சொல்லவில்லை. சிக்கனமும் தொழில்நுட்பமும் கைகோத்த நெடிய மரபு அது. மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ். நிறுவனம், இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது கரிவாயுக் கலன்களைத் தயாரித்தது. பெட்ரோலுக்கென்று பிறந்த வண்டிகள் அடுப்புக்கரியில் ஓடின. 1937இல் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனம் கொண்டுவந்த பி6 டீசல் எஞ்சின், பெட்ரோல் லாரிகளின் எஞ்சினை அகற்றிவிட்டுப் பொருத்திக்கொள்ளப் பெரிதும் பயன்பட்டது. பின்னாளில் சென்னை சிம்சன் நிறுவனமே பெர்கின்ஸ் எஞ்சின்களைத் தயாரித்தது. லைனரும் பிஸ்டன் வளையமும் தேய்ந்து நீலப்புகை கக்கும் எஞ்சினை மாற்றுவது, குழந்தைகளின் நுரையீரலுக்குச் செய்யும் நன்மையும்கூட.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும்; நிர்வாகத்துக்கு உடனே தெரிந்துவிடும். பலகை உளுத்தால் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, எஞ்சினை மாற்றப் பதிவு அதிகாரியின் ஒப்புதலைக் கோருகிறது. எஞ்சினுக்கு எண் உண்டு. அது பதிவுச் சான்றிதழில் ஏறுகிறது. தரைப்பலகைக்கு எண் இல்லை.

பிரேக்கும் எஞ்சினை நம்பியே இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிய பேருந்துகளின் காற்று பிரேக்குக்கு வேண்டிய கம்ப்ரெஸரை எஞ்சினே சுழற்றுகிறது. சிறிய பள்ளி வேன்கள் பலவற்றில் பிரேக்குக்குத் துணைசெய்வது வெற்றிடம். டீசல் எஞ்சினில் அது போதிய அளவு தானே உண்டாவதில்லை. எஞ்சினோடு சுழலும் சிறு பம்பு உண்டாக்கித்தர வேண்டும். எனவே புதிய எஞ்சினை ஏற்றிப் பழைய குழாய்களையும் டிரம்களையும் அப்படியே விட்டால், ஓடும் வலிமை மட்டும் கூடும். நிற்கும் வலிமை கூடாது.

2012 ஜூலையில் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்த வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எஞ்சினில் குறையிருந்து நேர்ந்த சாவன்று அது. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் தமிழ்நாட்டில் பிறந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் ஆய்வும் நடக்கிறது.

அப்படியானால் பழைய வண்டிகளையெல்லாம் உடைத்துவிடலாமா? 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற ஒன்றிய அரசின் விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தனியார் வண்டிக்கும் அதையே விதிக்கச் சொல்பவர்கள், கருப்பாயூரணிக்கும் வரிச்சியூருக்கும் அப்பாலுள்ள சிறு பள்ளிகளை நினைக்க வேண்டும். பேருந்து நின்றுபோனால் அந்தப் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் பிதுங்கிக்கொண்டு வருவார்கள். அல்லது வீட்டிலிருந்து பள்ளி தூரம் என்று பெண்பிள்ளையின் படிப்பு முதலில் நிற்கும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. எஞ்சினை இறக்கும் நாளிலேயே பலகை, சட்டகம், பிரேக், அவசரகால வழி அனைத்தையும் திறந்து பார்க்க வேண்டும். அவற்றுக்கும் செலவிட முடியாத நிர்வாகம் எஞ்சினுக்கும் செலவிட வேண்டாம். எஃப்.சி. காட்டுவதற்காக அடிக்கும் மஞ்சள் வண்ணம் இதற்கு ஈடாகாது.

இதைப் பள்ளி நிர்வாகத்துக்குக் கடிதமாக எழுதியிருக்கிறேன். அதுவரை நாள்தோறும் அந்தப் பேருந்து புகையின்றி, இனிய ஓசையோடு எங்கள் தெருவைக் கடந்து போகிறது. எனக்கோ அந்தத் தகரத்துண்டின் மேல் யார் கால் வைத்திருக்கிறார்கள் என்பதே நினைவு.