தாய்மேல் குற்றமில்லை

"ஊர்ல என் தங்கச்சி மகனுக்கு மூணு தடவை சொட்டு மருந்து குடுத்தும் கால் சூம்பிப் போச்சு, டிரெஸ்ஸர். எல்லாரும் அவளைத்தான் ஏசினாங்க."

ஜெலுத்தோங்கில் மகன் வீட்டோடு இருக்கும் நம் பழைய தோட்டத்துப் பாட்டி ஒருவர் இப்படிச் சொன்னார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

தாய்மேல் குற்றமில்லை. வசதியான நாடுகளில் 3 தடவையில் பலித்த போலியோ சொட்டு மருந்து வேலூர்க் குழந்தைகள் பலருக்குப் பலிக்கவில்லை என்று 1970களிலேயே டாக்டர் ஜேக்கப் ஜான் காட்டினார். இன்னும் பல தடவை கொடுக்க வேண்டும் என்றார்.

சொட்டு மருந்து குடலில் பிடித்தால்தான் வேலை செய்யும். வேறு கிருமிகள் முந்திக்கொண்டால் பிடிக்காது. அதற்காகக் கிருமி எல்லாம் கெட்டதல்ல. கீரை, பயறு, கேழ்வரகின் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும் நல்ல கிருமிகளும் உண்டு. எலிகளிடம் செய்த சோதனையில் இந்த அமிலங்கள் நோய் எதிர்ப்புக்குத் துணை நின்றன. குழந்தைகளிடம் இது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆகவே கஞ்சியைக் கொடுத்துவிட்டுத் தடுப்பு மருந்தை விட்டுடாதீங்க!

மாத்திரையால் குடலைச் சுத்தம் செய்தால்? வேலூரில் அதையும் பார்த்தார்கள். 3 நாள் அசித்ரோமைசின் கொடுத்ததில் கெட்ட கிருமி குறைந்தது. சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை. 2016இல் வந்த முடிவு இது.

லயத்துக்குச் சுத்தமான தண்ணீரும் ஒழுங்கான கக்கூஸும் இல்லாமல் மருந்தை மட்டும் நம்புவது சரியல்ல என்பதே என் கருத்து. 27 ஆண்டுகள் இல்லாத போலியோ 2019 டிசம்பரில் சபாவில் 3 மாதக் குழந்தைக்கு வந்தது. சம்பளம் பேசும்போது தண்ணீரையும் பேசுங்கள்.

பாட்டி, தங்கச்சிக்கு ஒரு கடுதாசி போடுங்க.