ஒரு மணி நேரந்தானே!

மதுரைப் பக்கம் சொந்தபந்தத்தை வைத்துக்கொண்டு சென்னையில் குடியிருப்பவனுக்கு இப்போதெல்லாம் சாக்குச் சொல்ல வழியே இல்லை. முன்பு "அவ்வளவு தூரம் வரணுமே" என்றால் ஊரில் மறுபேச்சு இருக்காது. இப்போது உசிலம்பட்டியிலிருந்து அத்தை போனில் கேட்கிறார், "ஏப்பா, பிளேன்ல ஒரு மணி நேரந்தானாமே, காதுகுத்துக்கு வந்து தலையைக் காட்டிட்டுப் போனா என்ன?" பேத்தி செல்போனில் தட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்: சுமார் 420 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம்.

அந்த 420 வரைபடத்தில் நூல் பிடித்து அளந்த தூரம். சாலையில் 460 சொச்சம், ரயிலில் 500-ஐ ஒட்டி வரும். விமானமாவது நூல் பிடித்த மாதிரி போகிறதா? மதுரை இருப்பது தென்மேற்கில். காற்று கிழக்கேயிருந்து அடிக்கிற நாளில் மீனம்பாக்கத்தில் கடலைப் பார்த்துக் கிளம்பி, அப்புறம்தான் வளைந்து திரும்பும்.

ஒன்றேகால் மணி நேரமும் தனிக் கணக்குதான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை இங்கே உருவியதிலிருந்து அங்கே மறுபடி வைக்கிறவரைக்கும் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கிற விமானங்கள் கிளம்பக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். கொஞ்சம் தாராளமாகவே போட்டு வைப்பார்கள். லேசாகத் தாமதமானாலும் குறித்த நேரத்தில் வந்துவிட்டோம் என்று பெருமையடிக்கலாம் இல்லையா? அதுகூடப் போகட்டும். கட்டையை உருவுவதற்கு முன்னாலும் வைத்ததற்குப் பின்னாலும் நான் படுகிற பாடு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பெரம்பூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரக் கத்திப்பாரா மனது வைக்க வேண்டும். கவுண்ட்டரை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுவார்கள் என்பதால் அதற்கும் முன்னால் போய் நிற்க வேண்டும். பிறகு பெல்ட்டைக் கழற்று, பையில் இருப்பதைத் தட்டில் கொட்டு, பவர்பேங்கைத் தனியாக வை. எல்லாம் முடிந்து, கண்ணெதிரே நிற்கிற விமானத்துக்குப் பேருந்தில் ஏற்றி, கதவு திறக்கிறவரை அதிலேயே நிற்க வைப்பார்கள். திரும்பும்போது இன்னொரு கொடுமை. அத்தை மெனக்கெட்டுத் துணி சுற்றிக் கட்டிக் கொடுத்த மிளகாய் ஊறுகாய் பாட்டிலைச் சோதனையில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். "நல்லா இருந்துச்சா?" என்று அவர் கேட்டபோது என்ன சொல்வது?

மதுரை விமான நிலையம் இருப்பது அவனியாபுரத்துக்கும் அப்பால், ஊருக்குத் தெற்கே. உசிலம்பட்டி மேற்கே. டாக்ஸியில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆக, காலை எட்டு மணி விமானத்துக்கு விடியுமுன்னே வீட்டைப் பூட்டினாலும், பந்தலில் கால் வைக்கும்போது பதினொன்றைத் தொட்டிருக்கும். அதே விடியலில் எழும்பூரில் கிளம்பும் வந்தே பாரத், ஆறு மணி நேரத்துக்குள் மதுரை ஜங்ஷனில், ஊருக்கு நடுவில், இறக்கிவிடுகிறது. பெல்ட்டையும் கழற்ற வேண்டாம், ஊறுகாயையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும். முகூர்த்த நாள் என்றால் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அத்தை தேதியைச் சொன்னதோ போன வாரம்தான். வந்தே பாரத், வைகை, பாண்டியன் எல்லாமே வெயிட்டிங் லிஸ்ட். விமானத்தில் மட்டும் இடம் இருந்தது. மொய் எழுத எடுத்து வைத்திருந்த பணம் டிக்கெட்டுக்கே பத்தவில்லை.