செல்போனில் மோட்டார்

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அக்கா மகனோடு நின்றிருந்தேன். அவன் செல்போன் அடித்தது. காதில் வைத்தான், ஒரு எண்ணை அழுத்தினான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "யாருப்பா?" என்றேன். "மோட்டார் மாமா. த்ரீ பேஸ் வந்துடுச்சாம், போட்டுட்டேன்" என்றான். ஓமந்தூரில் அவன் நெல்லுக்குத் தண்ணீர் பாய ஆரம்பித்துவிட்டது.

இதை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி கரண்டுக்காக டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து பாம்பிடம் கடிபட்டவர்களை நம் வயதுக்காரர்கள் அறிவோம். வேளாண்மைப் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் தருவது நல்ல காரியம்தான். ஆனால் கரண்ட் வந்ததையும் மோட்டார் ஓடுவதையும் சொல்கிற கருவி, போரில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதில்லையே!

அப்பா கவலை இறைத்த காலத்தில் அந்தக் கணக்கு வடத்தில் இருந்தது. நீர் இறங்கினால் வடத்தை நீட்ட வேண்டும், மாடுகள் இன்னும் தள்ளிப் போக வேண்டும். பங்குனியில் மாட்டுக்கு நுரை தள்ளும்போதே, அடுத்து நெல்லா கேழ்வரகா என்று முடிவாகிவிடும். 1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. பில்லிலும் கணக்கு இல்லாமல் போனது. இப்போது கொட்டகைக்குப் போகிற நடையும் நின்றுவிட்டது.

நமக்குக் கிழக்கே கழுவெளி, அதைத் தாண்டினால் கடல். 2021-இல் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் கடலோரத்தில் நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் நகர்ந்து வரும். உப்பேறிய போரைத் திருத்த எந்த மானியமும் போதாது.

மானியத்தோடு ஒரு நீர்மட்டமானியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். மோட்டார் போடும்போதே, "தண்ணீர் 90 அடியில், போன மாதம் 82" என்று அந்தக் குரல் தமிழில் சொல்லட்டும். இதைச் சொன்னதும் அக்கா மகன் முகம் மாறிவிட்டது. "கணக்கு வெளியே போனா நாளைக்கு மீட்டர் வைப்பாங்க மாமா."

அவன் பயம் நியாயமானது. அதனால்தான், அந்தக் கணக்கு ஊரோடு இருக்கட்டும் என்கிறேன். மார்ச் 22, உலக தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு வாசிக்கிற இடத்தில், யார் போர் என்று பெயர் சொல்லாமல், பத்து போர்களின் மட்டத்தை மட்டும் வாசிக்கலாம்.

"உன் போர்ல இன்னிக்கு எத்தனை அடி?" என்று கேட்டேன்.

"யாரு பார்த்தா மாமா?" என்றான். அதற்குள் பஸ் வந்துவிட்டது.