நின்றுபோன தறி

தறியைப் பற்றிச் செல்லூர்வாசிகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு அட்டையில் துளைகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அந்த வரிசைப்படியே புடவையில் பூ விழுகிறது. மனித உடம்பிலும் இத்தகைய அட்டைகள் உண்டு. மரபணு என்பது அவற்றின் பெயர். அவற்றுள் ஒன்றைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

நமது பதினோராவது குரோமோஸோமில் இன்ஸுலினுக்குரிய மரபணு இருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையத்தில், சில உயிரணுக்கள் இந்த அட்டையைக் கொண்டு 110 அமினோ அமிலங்கள் கோத்த இழையொன்றை நெய்கின்றன. வேண்டாத பகுதிகளைக் கத்தரித்த பின்னர், 51 அமினோ அமிலங்களே கொண்ட இன்ஸுலின் மிஞ்சுகிறது. உருவம் சிறிது, உத்தியோகமோ பெரிது. இரத்தத்தோடு சென்று, தசையின் கதவைத் தட்டி, "சர்க்கரை வந்திருக்கிறது, உள்ளே எடுத்துக்கொள்" என்று அறிவிக்கும் தூதன் இதுவே. தூதன் வராவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை பெருகிக் கிடக்கும். தசையோ பட்டினி கிடக்கும்.

குழந்தைகளுக்கு வரும் நீரிழிவில் பெரும்பாலும் இந்த அட்டை பழுதாவதில்லை. உடம்பின் காவற்படையே பகைவரென்று மயங்கி, நெய்கிற உயிரணுக்களை அழித்துவிடுகிறது. ஆகையால், தாய் மிட்டாய் வாங்கிக் கொடுத்ததால் வந்தது, பூர்வ ஜன்மப் பாவத்தால் வந்தது என்றெல்லாம் பழி கூறுவது பெரும் அநியாயம்.

முற்காலத்தில் இக்குழந்தைகள் பிழைப்பது அரிதாயிருந்தது. 1922 ஜனவரியில், கனடா தேசத்து டொராண்டோ நகரில், பாண்டிங், பெஸ்ட் முதலியோர் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த மருந்து, லியோனார்டு தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அவன் மேலும் 13 வருஷம் வாழ்ந்தான். 1978-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மனித மரபணுவின் வாசகத்தை நுண்ணுயிர்களில் புகுத்தி, அவற்றைக் கொண்டே மனித இன்ஸுலினை நெய்வித்தார்கள். 1982-இல் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. எனவே, பிராணி மருந்தென்று இன்று மனம் கூசவும் காரணமில்லை.

நிற்க. சில வீடுகளில் இவ்வியாதியை மூடி மறைக்கிறார்கள். பெண் குழந்தையாயிருந்தால், பின்னால் கல்யாணம் தடைப்படுமே என்ற அச்சம் வேறு. மறைத்து வளர்த்த குழந்தை பள்ளியில் ஊசி போட்டுக்கொள்ள நாணுகிறது. வேறு சிலர், யாரோ சொன்ன சூரணத்தை நம்பி ஊசியையே நிறுத்துகிறார்கள். இது விளையாட்டல்ல, சில தினங்களிலேயே உயிர் போய்விடக்கூடும். ஆசிரியருக்கு விஷயம் தெரிந்திருந்தால், குழந்தைக்குக் கை நடுங்கி வியர்க்கும்போது தாமதமின்றிச் சர்க்கரை கொடுப்பார். இத்தகைய மாணவர்கள் பரீட்சை மண்டபத்துக்குள் தின்பண்டம் கொண்டுசெல்ல, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இலேயே அனுமதித்தது. வாரியத்துக்கே தெரிந்த வியாதியை வகுப்பு ஆசிரியருக்கு மறைப்பானேன்? வைத்தியம் வேண்டுமாயின், நம் செல்லூருக்குக் கோரிப்பாளையத்து இராஜாஜி ஆஸ்பத்திரி தொலைவில் இல்லை.

தன் வீட்டுத் தறி நின்றுபோனால், அயல் தறியில் நெய்த வேஷ்டியை வாங்கி உடுத்துகிறோம். அதில் வெட்கப்படுவாரும் உண்டோ?