முதல் குடம் நோயாளியின் வீட்டுக்கு

பழனிசெட்டிபட்டி முல்லைப் பெரியாற்றின் கரையோர ஊர். 1895இல் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்த பிறகு கிழக்கே திருப்பப்பட்ட தண்ணீர், இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் வைகைக்குப் போகிறது. ஆனாலும் ஆற்றில் வரத்து குறைந்தாலோ மோட்டார் பழுதானாலோ கரையோர ஊர்களிலும் காலிக் குடங்கள் வரிசை கட்டும். அந்த வரிசையில் நிற்கத் தெம்பில்லாத நீண்டகால நோயாளிகளை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு, குடிக்கும் தண்ணீரை மருத்துவர் அளந்துதான் அனுமதிப்பார். ஆனால், டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் 120 லிட்டர் தூய நீர் வேண்டும், ஆர்.ஓ. சுத்திகரிப்பில் கழிவது தனி. ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவோ 55 லிட்டர். எல்லோருக்கும் ஒரே அளவு என்பது இங்கே நியாயமாகாது.

அளவைவிடத் தரம் முக்கியம். பிரேசிலின் கருவாரு நகரில் 1996இல், லாரியில் வந்த, சரியாகச் சுத்திகரிக்கப்படாத நீர் டயாலிசிஸுக்குப் பயன்பட்டது. அதிலிருந்த பாசி நச்சால் கல்லீரல் பாதிக்கப்பட்டு 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தனர். தட்டுப்பாட்டு நாளில் கிடைத்த தண்ணீரை அப்படியே நம்பக் கூடாது என்பதே அதன் பாடம்.

வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அதற்கான திரவப் பைகளை வீடு தேடிக் கொடுக்கிறது. பையை மாற்றும் ஒவ்வொரு முறையும் கையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். தவறினால் வயிற்றுக்குள் கிருமி தொற்றும். பை வந்து சேரும் வீட்டில் கை கழுவத் தண்ணீர் இல்லையென்றால் அந்தச் சிகிச்சையே ஆபத்தாகிவிடும்.

நண்பர்கள் செய்யக்கூடியது நிறைய. தம் குடத்தோடு நோயாளியின் குடத்தையும் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சிகிச்சைக்குக் கிளம்பும் முன், மையத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லலாம். எந்தத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். ஆனால், நட்பை மட்டும் நம்பி ஓர் உயிரை விட்டுவிட முடியாது. நண்பர் வெளியூரில் இருக்கும் நாளிலும் தாகமும் நோயும் இருக்கும்.

நோயாளிக்கு முன்னுரிமை கொடுத்தால் ஆளாளுக்குச் சலுகை கேட்பார்கள் என்பது ஒரு வாதம். யாருக்கு என்ன நோய் என்பதை மருத்துவத் துறையே சொல்ல முடியும்போது அந்த அச்சத்துக்கு இடமில்லை. பிரிட்டனில் குடிநீர் நிறுவனங்கள் இப்படிப்பட்டவர்களுக்கு முன்னுரிமைப் பதிவேடு வைத்திருக்கின்றன. விநியோகம் தடைபட்டால் அவர்களுக்குத் தண்ணீர் வீட்டுக்கே போகிறது.

நம்மிடம் அதற்கான ஏற்பாடு பாதி தயார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்காக வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு நோயாளிகளைத் தெரியும். நோயாளியின் சம்மதத்தோடு அந்த விவரம் பேரூராட்சி செயல் அலுவலரின் மேசைக்குப் போக வேண்டும். தண்ணீர் லாரி தெருவுக்குள் நுழைந்தால் முதலில் நோயாளியின் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். இதை அடுத்த கோடைக்கு முன்பே செய்து முடிக்கும்படி வார்டு உறுப்பினரிடம் இன்றே கேளுங்கள்.